நாடி பிடித்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பெயர் கூடும். என் வீட்டுக்குள் அவருக்கு இருக்கிற பெயரையே என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சண்டிலிப்பாயிலிருந்து வட்டுக்கோட்டைப் பக்கம் போகிற வழியில், ஒற்றை விரலால் தள்ளத் திறக்கிற இரும்புக் கேற் ஒன்றைக் கண்டால் அது என் பட்டறையில் செய்தது. சத்தம் போட்டுத் திறந்தால் அது வேறு யாரோ செய்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. எரிந்த பஸ் ஒன்றின் தகட்டை வெட்டி என் முதல் கேற்றைச் செய்தேன். இன்றைக்கு நான் படுக்கிற கட்டில், மனைவி உட்காருகிற ஊஞ்சல், யன்னல் கம்பி, சாமி அறையின் விளக்குத் தண்டு எல்லாமே இந்தக் கை இரண்டும் செய்தவை. ஒருவரிடமும் போய் நாடி பிடித்ததில்லை.

நாடி என்றால் எங்கள் ஊரில் முகவாய். கெஞ்சிக் கேட்கிறவன் மற்றவனின் நாடியைப் பிடித்துத்தான் கேட்பான். நான் அப்படி ஒருவனிடமும் கேட்டவனில்லை. அதுதான் என் பெருமை.

அந்த மனுசனின் பெருமை நேர்மாறானது. அவர் எல்லாவற்றையும் கேட்பார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் வாய், முகம், தாடை எலும்பு ஒப்பிரேசன் செய்கிற பெரிய டொக்டர். ஆள் மெலிவு. சேட்டுக் கையை முழங்கை வரைக்கும் மடித்து விட்டிருப்பார். முதல் நாள் நாங்கள் அவருடைய அறைக்குள் போய் இருந்தபோது அவர் வெளியே எங்கோ போயிருந்தார். வந்தவர் வாசலில் நின்று, "உள்ள வரலாங்களாம்மா?" என்று என் மனைவியைக் கேட்டார். வந்த பிறகு தன்னுடைய கதிரையைக் காட்டி, "உக்காரலாங்களா?" என்றார். தன் கதிரையில் உட்கார நோயாளியிடம் அனுமதி கேட்கிற டொக்டரை நான் அதுவரை கண்டதில்லை. ஆள் புதிது, வேலை தெரியாதவர் போல என்று நினைத்தேன்.

பிறகு அவளுடைய முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தி, "தொடட்டுங்களாம்மா?" என்றார்.

அவள் உடனே, "ஓம் டொக்டர்" என்றாள்.

அவளுடைய கீழ்த் தாடையின் வலப்பக்கம் வீங்கியிருந்தது. பல்வலி என்று உப்புத்தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு மாதக்கணக்காகத் திரிந்திருக்கிறாள். வீக்கம் எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. நோய் வருத்தமென்றால் அவளே சொல்லுவாள்தானே.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி அவர் விளங்கப்படுத்தினார். "புத்துநோய் இல்லைங்கம்மா, பயப்படாதீங்க. ஆனா இந்தக் கட்டி எலும்ப உள்ளுக்குள்ளயே தின்னுக்கிட்டுப் போகுது. சுரண்டி விட்டா திரும்ப வரும். அந்த எலும்புத் துண்டையே எடுத்தாகணும்."

"பெட்டிக் கம்பிக்குள்ளை கறள் பிடிக்கிற மாதிரி" என்றேன், துருவை நினைத்து. "வெளியிலை பெயின்ற் நல்லாத்தான் இருக்கும்."

"அதேதாங்கய்யா!" என்றார். என்னைப் பாராட்டுகிறாரா பகிடி பண்ணுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

துண்டை எடுத்தால் அந்த இடைவெளியை என்ன செய்வது? அதற்கு வழிகள் உண்டென்று சொன்னார். டைட்டேனியத் தகட்டை வளைத்து, இரண்டு பக்க எலும்போடும் திருகாணி பூட்டி விடலாம். சின்ன இடைவெளியென்றால் இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து வைக்கலாம். பெரியதென்றால் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பில் மெலிந்த எலும்பு இருக்கிறதே, அதில் ஒரு நீளத்தை அதன் இரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்து, தாடையின் வளைவுக்குத் துண்டு துண்டாக வெட்டிப் பொருத்தி, குழாயைக் கழுத்துக் குழாயோடு தைத்து விடலாம்.

"தகடு மட்டும் போடாதேங்கோ" என்றேன். "கடிச்சுச் சப்பித் தகடு களைச்சுப் போடும். ஒருநாள் திருகாணிக்குப் பக்கத்திலை வெடிக்கும். முப்பத்தைஞ்சு வருசம் தகட்டோடை கிடக்கிறவன் சொல்லுறன்."

"ஆமாங்கய்யா. அதனாலதான் கால் எலும்பு போடலாம்னு நெனைக்கிறேன். உயிருள்ள எலும்பு. ஒட்டிக்கும்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "ஆனா முடிவு அம்மாவுதுதான். என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

நான் அருகில் இருக்கிறேன். நாற்பது வருடத்து முடிவெல்லாம் எடுத்தவன். அவளைக் கேட்கிறார்! அவள் நிமிர்ந்து உட்கார்ந்து உடனே பதில் சொல்லுகிறாள்! கலியாணத்துக்குப் பிறகு அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் காணவில்லை.

அன்றைக்குத்தான் அந்தச் சொல்லும் வந்தது.

"சரிம்மா, கால்ல நாடி பாக்கணும்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வீங்கின வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"டொக்டர், எங்கடை சனத்துக்கு நாடி முகத்திலை இருக்கிறது. உங்கடை ஊரிலை காலிலையோ?" என்றேன்.

அவர் மலைநாட்டுப் பக்கம், பதுளையில் பிறந்தவர். பாதத்தில் இரத்தத் துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எலும்பை எடுப்பார்களாம், அதைத்தான் நாடி என்றாராம். விசயம் விளங்கினதும் அவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த மனுசன் செய்த வேலையைக் கேளுங்கள்: தன் சொல்லை விட்டுவிட்டு எங்கள் சொல்லை எடுத்துக்கொண்டார். "அம்மா நாடிய உயர்த்துங்க", "நாடி மரக்குதுங்களா?" என்று எங்கள் ஊரான் மாதிரியே கதைக்கத் தொடங்கினார். தன்னுடைய ஆட்களுக்கும் அப்படியே கதைக்கச் சொல்லிக் கொடுத்தார். என் மனைவிக்கு அதில் ஒரே சந்தோசம். எனக்கு எரிந்தது.

எந்தக் காலில் எடுப்பது என்பதையும் அவளிடம்தான் கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, "என்ரை காலிலை எடுங்கோ டொக்டர். என்ரை எலும்பு நல்ல உறுதி. பாரம் தூக்கின கால்" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை. அவளுடைய முகத்தில் ஒரு சாமான் போடப் போகிறார்கள் என்றால் அது என் வீட்டுச் சாமானாக இருக்கட்டுமே.

"ஒங்க எலும்ப அம்மா ஒடம்பு ஏத்துக்காதுங்கய்யா" என்றார். "அவங்களோடது அவங்களுக்குத்தான் சேரும்."

அவள் சொன்னாள்: "வலது காலை விடுங்கோ டொக்டர். அந்தக் காலை முன்னுக்கு வைச்சுத்தான் இவரின்ரை வீட்டுக்குள்ளை வந்தனான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டொக்டரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

"இடதை எடுங்கோ. அது வந்த நாளிலையிருந்து சும்மா பின்னாலைதானே இழுபடுது."

இப்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒப்பிரேசனுக்கு முந்திய கிழமை அவர் இன்னொன்று கேட்டார். "எல்லாம் சரியாகி, பல்லும் வச்சப்புறம், மொதல்ல என்ன சாப்பிட ஆசைம்மா?"

நான் சோறும் கணவாய்க் கறியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்குப் பிடித்தது. அவளுக்கும் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

"புழுக்கொடியல்" என்றாள்.

பனங்கிழங்கை அவித்துக் காயப்போட்டால் வருவது புழுக்கொடியல். விறகு மாதிரி இருக்கும். தேங்காய்ச் சொட்டுத் துண்டோடு சேர்த்துக் கடித்துச் சப்பி மெல்லவேண்டும். அவள் அதை ஆசையாகத் தின்னுவாள் என்று எனக்குத் தெரியாது. "நீங்கள் பட்டறைக்குப் போனாப்பிறகு தின்னுவன்" என்று வரும்வழியில் சொன்னாள். "நீங்கள் நிண்டால் நொறுக்கிற சத்தம் எரிச்சலெண்டு சொல்லுவியள்." அப்படி நான் சொன்னேனோ தெரியாது. அடுத்த முறை அவருக்கு ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் நோயாளிகளுக்கு நடுவில் நின்று ஒன்றைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். "அம்மா, இத சாப்பிடுற தாடைய செய்யணும்னா நான் இன்னும் படிக்கணும்!" வாங்குப் பலகையில் வரிசையாக இருந்த சனமெல்லாம் சிரித்தது. அவளுக்கு அவ்வளவு பெருமை. ஊஞ்சல் செய்து கொடுத்த அன்றைக்குக்கூட அவளுடைய முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் காணவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சொல்லாமல் கொள்ளாமல் என் பட்டறைக்கு வந்தார். அளவெட்டியில் கோயில் ஒன்றுக்குப் போய்வரும் வழியாம். வாசலில் நின்று, "பாக்கலாங்களா?" என்று கேட்டார். நான் கேற்றின் மேல் வில்லு வளைவுக்குக் குழாய் வளைத்துக்கொண்டிருந்தேன். நேர்க் குழாயில் உட்பக்கம் ஆப்பு ஆப்பாக வெட்டி, மெல்ல மடக்கி, வெட்டு வாய்கள் பொருந்தினதும் ஒட்டுவேன். வளைவு தாமரை இதழ் மாதிரி வரும். அவர் குந்தியிருந்து பார்த்தார். பொருத்தில் விரலை வைத்துத் தடவினார். "நாங்களும் இப்பிடித்தான் வெட்டுவோம்யா" என்றார்.

அடுத்த நாளே சந்தையில் சொன்னேன், "தாடை வளைக்கிறது எப்பிடியெண்டு டொக்டர் என்னட்டை வந்து படிச்சிட்டுப் போட்டார்" என்று. வீட்டுக்கு வந்தால் மனைவி கேள்விப்பட்டுவிட்டாள்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. அவர் இதிலை எத்தினை பேருக்குச் செய்திருக்கிறார். உங்களுக்கு மனம் ஆறட்டும் எண்டு வந்தவர்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"வரட்டோ எண்டு என்னட்டைக் கேட்டவர்."

என் பட்டறைக்கு வர, என் மனைவியிடம் அனுமதி!

ஒப்பிரேசன் காலையில் தொடங்கிப் பொழுதுபடும்வரை நடந்தது. காலிலிருந்து எலும்பு, எலும்போடு தோலில் ஒரு சின்னத் துண்டு. அந்தத் தோல் அவளுடைய வாய்க்குள், கன்னத்தின் உட்பக்கம் தெரியும்படி வைத்திருந்தார்கள். அது நிறம் மாறாமல் இருந்தால் உள்ளே எலும்பும் உயிரோடு இருக்கிறதென்று அர்த்தம். எல்லாம் நன்றாக முடிந்ததென்றார்கள்.

அடுத்த நாள் மத்தியானம், பார்க்க விடுகிற நேரம், கட்டிலடியில் நின்றேன். அவள் அரை மயக்கத்தில் கிடந்தாள். முகம் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி. ஒரு இளம் டொக்டர் பிள்ளை வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கழுத்தில் ஒரு சின்ன மெசினை வைத்துக் கேட்டாள். முகம் மாறி என்னிடம் வந்தாள்.

"ஐயா, நாடி சரியில்லை. உடனை திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறக்கவேணும்."

நான் என் மனைவியின் நாடியைப் பார்த்தேன். கொஞ்சம் வலப்பக்கம் கோணல்தான். ஒட்டுவேலையில் அந்தளவு கோணல் வராத ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"கோணலெண்டால் கோணலாய்க் கிடக்கட்டும் பிள்ளை" என்றேன். "அவளுக்கு இனிக் கலியாணமே பேசப்போறம்? திரும்ப வெட்டவேண்டாம்."

"இல்லை ஐயா, இப்ப செய்யாட்டில் முழுக்கப் பழுதாப் போயிடும்!"

"பழுதாப் போகட்டும். வடிவு வேண்டாம் எங்களுக்கு."

தள்ளுகட்டிலைக் கொண்டுவந்து அவளை மாற்றிவிட்டார்கள். நான் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்த கம்பியை விடுவிக்க இரண்டு ஆம்பிளை வேண்டும். இரண்டு பேர் வந்து இழுத்தும் பார்த்தார்கள். அவளைத் திரும்பவும் அந்தக் கத்திக்கு விடுவதில்லை என்று நின்றேன். அதுவும் அந்த மனுசனின் வேலைக்கு வடிவு பார்ப்பதற்காகவா?

அவர் ஓடி வந்தார். ஓடி வந்தும் முதலில் கட்டிலடிக்குக் குனிந்து, "அம்மா, திரும்பப் போகலாங்களா?" என்றார். அவள் கண்ணைத் திறந்து மெல்லத் தலையை அசைத்தாள். அந்த மயக்கத்திலும், கேட்ட உடனே.

பிறகு என்னிடம் வந்தார். அதட்டவில்லை. என் கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. கையை நீட்டி என் நாடியைப் பிடித்தார்.

"ஐயா. ஒங்க ஊர்ல இப்பிடித்தான் கேப்பாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஒங்க நாடியப் பிடிச்சுக் கேக்குறேன். அம்மாவ விடுங்க."

பெரிய டொக்டர் ஒருவர், சனத்துக்கு முன்னால், வெல்டிங்காரனின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய விரல் குளிர்ந்திருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற எங்கள் ஊர் நேர்ஸ் பிள்ளைக்கு விசயம் பிடிபட்டது. என் மணிக்கட்டை எட்டிப் பிடித்து அமத்தினாள். "ஐயோ ஐயா, அந்த நாடி இல்லை! இது! இந்தத் துடிப்பு! அம்மாவுக்கு உள்ளுக்கு வைச்ச எலும்புக்கு இரத்தம் போகேல்லை!"

கம்பியை விட்டேன்.

இதை என் பிழையென்று சிலர் சொல்லுவார்கள். நாடி எங்கள் சொல். அதை இரவல் வாங்கிப் புழங்கினவர்கள்தான், எந்த நேரம் எந்த நாடி என்று சொல்லியிருக்கவேண்டும். இன்றைக்கும் அதுதான் என் வாதம்.

குழாய்ப் பொருத்தில் இரத்தம் உறைந்து அடைத்திருந்ததாம். திறந்து எடுத்துத் திரும்பத் தைத்தார். வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டது, "தண்ணி குடிச்சீங்களாய்யா?" நான் குடிக்கவில்லை. அவரே கொண்டுவந்து தந்தார். அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்ததுதான் எனக்கு அன்றைக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

அவள் தேறிய பிறகு ஒருநாள் அந்தச் சின்ன மெசினை அவளுடைய கழுத்தடியில் வைத்தார். "ஐயாவும் கேக்கலாங்களாம்மா?" என்று அவளிடம் கேட்டுவிட்டு எனக்குச் சத்தத்தைக் கூட்டினார். தூரத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் மாதிரி, சூ... சூ... சூ... என்று ஓடியது. என் மனைவியின் நாடிக்குள் ஓடுகிற நாடி. அதைக் கேட்க நான் அவருடைய தயவில் நிற்கவேண்டியிருந்தது.

பழிதீர்க்கிற மாதிரி என் கதையை அவருக்குச் சொன்னேன். எரிந்த பஸ், ஐந்தாம் வகுப்பு, கூரையில்லாத வீடு, ஒருவரையும் கேளாமல் ஏறின ஏற்றம், எல்லாம். நடுவில் மறிக்காமல் முழுவதும் கேட்டார். "பெரிய விசயங்கய்யா" என்றார். அவ்வளவுதான். பிறகு அந்த நேர்ஸ் பிள்ளைதான் சொன்னாள்: அவருடைய தாய் தேயிலைக் கொழுந்து பறித்தவ, அவர் தோட்டத்து ஒற்றை அறை லயத்தில் ஏழு பேரோடு படுத்தெழும்பிப் படித்தவர், பள்ளிக்கூடத்துக்கு இரவல் சப்பாத்தோடு போனவர். சீட்டில் முந்நூற்றுநாலு விளையாடுகிறவர்களுக்குத் தெரியும், துரும்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனில் எவ்வளவு ஆத்திரம் வரும் என்று. என்னுடைய கூரை பறந்த கதையைவிட அவருடையது பெரிது. அதை அவர் மேசையில் போடவே இல்லை. போட்டிருந்தால் நான் ஏதாவது பதில் அடித்திருப்பேன்.

"இரவல் சப்பாத்து" என்று வீட்டில் வந்து சொன்னேன். "கேட்டு வாங்கித்தானே போட்டிருப்பார்."

"அதுதான் கேக்கப் பழகியிருக்கிறார்" என்றாள் மனைவி.

நாட்டில் எல்லாம் விலையேறி, டொக்டர்மார் கூட்டங்கூட்டமாக வெளிநாடு போன நேரம் அவரும் போனார். அவளுடைய புது எலும்பில் பல் பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். போகுமுன் அவளிடம், "போயிட்டு வரட்டுங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஓம், போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு வீட்டில் வந்து அழுதாள். நான் ஊருக்கு ஊர் கேற் செய்து பூட்டப் போனபோது அவள் அழுததில்லை.

இப்போது புழுக்கொடியல் தின்னுகிறாள். நான் நிற்கும்போதே தின்னுகிறாள். இடக்காலில் கொஞ்சம் இழுவை, நாடியில் ஒரு கோடு, வலப்பக்கம் கொஞ்சம் கோணல். எனக்கு அந்தக் கோணல் தெரியும். அவள் அதைக் கண்ணாடியில் பார்த்து, "நல்ல வேலை" என்கிறாள். இந்த வீட்டில் என் கை படாத ஒரே சாமான் அதுதான்.

போன கிழமை அவள் ஊஞ்சலில் இருந்தாள். பின்னேர வெயில் முகத்தில் விழுந்தது. நான் போய் அவளுடைய நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், பொருத்து எப்படி இருக்கிறதென்று.

"ஆ! மெல்லமாப் பிடியுங்கோ. கேற்றே இது?" என்று கையைத் தட்டிவிட்டாள். "டொக்டர் கேட்டுட்டுத்தான் பிடிப்பார்."

முற்றத்தில் இறங்கினேன். வில்லுக் குழாய் ஒன்று கிடந்தது, அதைக் காலால் தள்ளிவிட்டேன். பிறகு திரும்பி வந்து ஊஞ்சலுக்கு முன்னால் நின்றேன். கையை நீட்டி, தொடாமல் நிறுத்தினேன்.

"பிடிக்கட்டே?" என்றேன்.

அவள் வாயில் இருந்த புழுக்கொடியலைச் சப்பி முடித்தாள். ஊஞ்சலைக் காலால் ஒருதரம் உந்தினாள். இடது காலால்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.

அந்த மனுசனுக்கு அவள் ஒருநாளும் யோசித்துச் சொன்னதில்லை.